கணக்கைத் திரும்பப் பார்த்த வியாபாரி

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைச் சிற்றாலயக் குருவானவர் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூடுகைகளில் ஒரு மிஷனெரி மருத்துவருடைய வாழ்க்கையைச் சொல்வது வாடிக்கை. கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் சற்றுச் சலித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆகவே இன்று ஒரு வியாபாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். பணம் சம்பாதித்தவர், சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர், ஒரு நாளும் பிரசங்க பீடம் ஏறாதவர். இங்கே கடை வைத்திருப்பவர்களும், வங்கியிலும் அலுவலகத்திலும் கணக்குப் பார்த்தவர்களும் அநேகர் இருக்கிறீர்கள். என்னைவிட உங்களுக்குத்தான் இவரை நன்றாகப் புரியும்.

அவர் பெயர் மோசஸ் பிரவுன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ரோட் ஐலண்டு என்ற மிகச் சிறிய மாநிலம் இருக்கிறது. அதில் பிராவிடன்ஸ் என்ற துறைமுக நகரம். 1636இல் ராஜர் வில்லியம்ஸ் அந்த ஊரை உண்டாக்கியபோது, தேவ பராமரிப்பு என்னும் பொருள்பட அப்படிப் பெயர் வைத்தார். அந்த ஊரில் 1738இல் மோசஸ் பிறந்தார். ஒரு வயது நிரம்புமுன் தகப்பனாரை இழந்தார். சிற்றப்பா ஒபதியா பிரவுன் வீட்டில் வளர்ந்து, அவரிடமே வியாபாரம் பழகினார். பின்பு நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்ற நான்கு சகோதரரும் சேர்ந்து ஒரே நிறுவனமாகத் தொழில் நடத்தினார்கள். அவர்களில் மோசஸ் கடைக்குட்டி.

என்ன தொழில் என்று கேட்டால், எல்லாத் தொழிலும்தான். திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கும் கொழுப்பில் மெழுகுவர்த்தி செய்தார்கள். கப்பல் விட்டார்கள். இரும்பு உருக்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வெல்லப்பாகு வரும். ரோட் ஐலண்டில் அதை ரம் சாராயமாகக் காய்ச்சுவார்கள். அந்தச் சாராயத்தைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அங்கே சாராயத்தைக் கொடுத்து மனிதரை வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளில் கொண்டுபோய் விற்கும். விற்ற காசில் மறுபடியும் வெல்லப்பாகு வரும். இந்த வட்டம் ஓயாமல் சுழன்றது. அந்தச் சின்னஞ்சிறு இடத்திலிருந்து மாத்திரம் ஏறக்குறைய ஆயிரம் அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டன. அவை கடல் கடத்திய ஆப்பிரிக்கர் ஒரு லட்சம் பேருக்கு மேல். யாரும் அதை மறைத்துச் செய்யவில்லை. ஆலயத்துக்குப் போகிறவர்கள், தர்மம் செய்கிறவர்கள், ஊர்ப் பெரியவர்கள் செய்த தொழில் அது.

1764ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அந்த ஆண்டின் முதல் நாளில் மோசஸ் தம் சிற்றப்பா மகள் ஆனாவை மணந்தார். அதே ஆண்டு ரோட் ஐலண்டு சட்டமன்றத்துக்குப் பிராவிடன்ஸ் ஊரின் பிரதிநிதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நான்கு சகோதரரும் 'சாலி' என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். எசெக் ஹாப்கின்ஸ் அதன் தலைவர். கப்பலில் 17,000 காலனுக்கு மேல் ரம். விற்றதுபோக வீட்டு உபயோகத்துக்குப் பதினைந்து வயது மதிக்கத்தக்க நாலு பையன்களைக் கொண்டுவரும்படியும் சகோதரர் எழுதிக் கொடுத்தார்கள். சந்தைக்குப் போகிறவரிடம் நாம் சாமான் சீட்டு எழுதிக் கொடுக்கிறோமே, அப்படி.

அந்தக் கப்பலின் கணக்குப் புத்தகம் இன்றைக்கும் இருக்கிறது. எத்தனை காலன் சாராயத்துக்கு எத்தனை ஆட்கள், என்ன தேதி, எல்லாம் கச்சிதமாக எழுதியிருக்கிறது. கரையோரமாகவே பல மாதம் கிடந்து ஹாப்கின்ஸ் 196 பேரை வாங்கினார். கப்பல் கரையை விட்டுப் புறப்படுமுன்பே சாவு தொடங்கிவிட்டது. ஒரு பெண் கப்பலின் அடித்தளத்தில் தூக்குப் போட்டுக்கொண்டாள். அதுவும் ஒரு வரியாகக் கணக்கில் ஏறியது. 1765 ஆகஸ்டில் கடலில் போகும்போது சிறைப்பட்டவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். மாலுமிகள் சுட்டார்கள், எட்டுப் பேர் மாண்டார்கள். அதன்பின் மற்றவர்கள் மனமுடைந்து, சிலர் கடலில் மூழ்கினார்கள், சிலர் சாப்பிட மறுத்து மடிந்தார்கள், சிலர் நோயில் விழுந்தார்கள் என்று ஹாப்கின்ஸ் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதினார். 196 பேரில் 109 பேராவது இறந்துபோனார்கள்.

மூன்று சகோதரர்கள், நிக்கலஸும் ஜோசப்பும் மோசஸும், அதற்குப் பிறகு அந்த வியாபாரத்தை விட்டார்கள். நான் முதன்முதலில் இந்தச் சரித்திரத்தைப் படித்தபோது, இங்கேதான் அவர் மனந்திரும்பினார் என்று நினைத்து, அப்படியே ஒரு பிரசங்கமும் செய்துவிட்டேன். அது தவறு. அவர்கள் விட்டதற்குக் காரணம் மனசாட்சி என்று சொல்ல முடியாது. அந்தப் பயணத்தில் பெரும் நஷ்டம். அவருக்கு மோசே என்று பெயர் இருப்பதால் தொடக்கமுதல் விடுதலைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். வேதாகமத்து மோசேயும் நாற்பது வருஷம் பார்வோன் அரண்மனையில் சாப்பிட்டவர்தான்.

1771 வரை ஏழு ஆண்டுகள் அவர் சட்டமன்றத்தில் இருந்தார். அடிமைகளைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. கையில் அதிகாரம் இருந்தபோது கண் திறக்கவில்லை, கண் திறந்தபோது ஆசனம் இல்லை. இது அவருக்கு மாத்திரம் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

கண் திறந்தது 1773இல். பிப்ரவரி மாதம் ஆனா நீண்ட வியாதிக்குப் பின் இறந்தார். மனைவியின் கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது, ஆண்டவர் தமக்குச் செய்த நன்மைகளை எண்ணிக்கொண்டு, இனி தாம் செய்ய வேண்டியது என்ன என்று யோசித்ததாகவும், அப்போது தம்முடைய அடிமைகள் கண்முன் வந்து நின்றதாகவும் மோசஸே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நான் பல ஆண்டுகளாகக் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிக்கிறவன். துக்கம் வந்த வீட்டில் மனிதர் கணக்குப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அநேகர் ஒரு வாரம் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கைப் பற்றிப் பேச்சே இராது. இவர் மூடவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் உறவினரையும் நண்பரையும் கூட்டி, ஒரு பத்திரத்தை வாசித்தார். தமக்கு முழுச் சொந்தமாயிருந்த ஆறு பேரை விடுதலை செய்தார். மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில் வேலை செய்த வேறு நான்கு பேரில் அவருக்குக் காற்பங்கு உரிமை இருந்தது. அந்தக் காற்பங்கையும் விட்டுக்கொடுத்தார். காற்பங்கு மனிதன்! பங்காளிகள் பாகம் பிரித்தபோது மனிதனையும் நாலாகப் பிரித்திருக்கிறார்கள். வெறுமனே அனுப்பிவிடாமல், பிழைப்புக்குத் தம் நிலத்தில் பயிரிட்டுக்கொள்ளவும் இடம் கொடுத்தார்.

மறு ஆண்டு, 1774இல், குவேக்கர் சபையில் சேர்ந்தார். குவேக்கர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் எழும்பிய இயக்கம். குருவானவர் இல்லை, பலிபீடம் இல்லை, ஞானஸ்நான நீரும் இல்லை. சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், யுத்தத்துக்குப் போக மாட்டார்கள். ஆராதனை என்றால் எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பது. ஆவியானவர் ஏவினால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசுவது. என்னைப்போல் சம்பளம் வாங்கும் குருவுக்கு அங்கே வேலையே இல்லை! நான் இறையியல் படித்த காலத்தில் சபைச் சரித்திர வகுப்பில் இவர்களை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டோம். ஆனால் நியூ இங்கிலாந்தின் குவேக்கர்கள் 1773இல், அடிமை வைத்திருக்கிறவன் நம் சபையில் அங்கத்தினனாக இருக்க முடியாது என்று தீர்மானித்துவிட்டார்கள். ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவர் பலமுறை ஆளுநராக இருந்தவர். அந்த 'சாலி' கப்பல் தலைவரின் அண்ணன். தம்மிடம் இருந்த ஒரு அடிமைப் பெண்ணை விடுவிக்க மறுத்ததால் அவரையே சபையைவிட்டு நீக்கினார்கள். பணக்கார அங்கத்தினரை நீக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது சபைக் கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இனி மோசஸின் சட்ட வேலைக்கு வருகிறேன். ஆசனத்தை விட்ட பிறகு, மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டமன்றத்தின் வாசலில் வந்து நின்றார். 1774இல் ரோட் ஐலண்டுக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் மோசஸ் ஒருவர். வேடிக்கை என்னவென்றால் அந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸும் ஒருவர். ஆனால் ரோட் ஐலண்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்கரை வேறு தேசங்களுக்குக் கொண்டுபோய் விற்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. லாபம் அங்கேதான் இருந்தது.

சுதந்தர யுத்தம் குறுக்கிட்டது. அந்தக் காலத்தில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் போக மனமில்லை. 1775 வசந்தத்தில் அண்ணன் ஜானை ஆங்கிலேயர் பிடித்து பாஸ்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மோசஸ் குதிரையேறி, போர் மூண்டிருந்த பாஸ்டனுக்குப் போய், அதிகாரிகளிடம் மன்றாடி, அண்ணனுக்காகத் தாமே வாக்குக் கொடுத்து மீட்டு வந்தார். அதே ஆண்டு டிசம்பர்க் குளிரில், முற்றுகையால் பட்டினி கிடந்த பாஸ்டன் சுற்றுப்புறத்து ஏழைகளுக்காகப் பென்சில்வேனியாக் குவேக்கர்கள் அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு, சில சகோதரரோடு புறப்பட்டார். ஜார்ஜ் வாஷிங்டனை நேரில் சந்தித்தார்கள். நகருக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. அதற்காகத் திரும்பிவிடவில்லை. சேலம், மார்பிள்ஹெட் முதலிய கரையோர ஊர்களில் பனியில் நடந்து, விதவைகளையும் பிள்ளைகளையும் தேடி, இன்ன சபையார் என்று பாராமல் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கொடுத்த காசு யார் கைக்குப் போயிற்று என்று எழுதி வைக்கிற பழக்கம் வியாபாரியிடமிருந்து வந்ததுதான். ஊழியக்காரராகிய எங்களுக்கு அது எளிதில் வராது.

1783இல் பிராவிடன்ஸ் ஊர்க்காரரான கிளார்க், நைட்டிங்கேல் என்ற கூட்டு வியாபாரிகள் அடிமைக் கப்பல் அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு, மோசஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவுரைக் கடிதம் எழுதுவது சுலபம். இவர் தம்முடைய பாவத்தைத் திறந்து காட்டி எழுதினார். 'சாலி' கப்பலை அனுப்புவது தப்பென்று அன்றைக்கே தமக்குத் தோன்றியதையும், மற்றவர்கள் சொன்னதற்கு இணங்கிவிட்டதையும், தம் வாழ்நாளில் வேறெதுவும் அவ்வளவு கறையைத் தம் மனதில் விடவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். கப்பல் போய்ப் பதினெட்டு வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் எல்லாரும் மறந்துபோன ஒன்றை அவரே தோண்டி எடுத்து எழுதினார்.

1784இல் குவேக்கர்களின் மனு சட்டமன்றத்துக்கு வந்தது. அடிமை முறையும் ஒழிய வேண்டும், அடிமை வியாபாரமும் ஒழிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அவையில் அதை எதிர்த்தவர்களுள் சொந்த அண்ணன் ஜான் பிரவுனும் ஒருவர். முடிவில் பாதிதான் கிடைத்தது. 1784 மார்ச் 1க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை சுயாதீனம் என்றார்கள். அதுவும் பெண்பிள்ளை 18 வயது வரையும் ஆண்பிள்ளை 21 வயது வரையும் வேலை செய்த பிறகு. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர் அடிமையாகவே இருக்க வேண்டியது. கப்பல் வியாபாரத்தைத் தடுக்கும் பகுதியை எடுத்தே விட்டார்கள். மோசஸ் மறுபடியும் வாசலுக்கு வந்தார். 1787 அக்டோபரில், ரோட் ஐலண்டார் எவரும் எந்தத் தேசத்துக்கும் அடிமைகளைக் கடத்தலாகாது என்று சட்டம் பிறந்தது. ஒரு ஆளுக்கு 100 பவுன் அபராதம், கப்பலுக்கு 1,000 பவுன். ஆனால் அதை யார் அமல்படுத்துவது? துறைமுகமே வியாபாரிகள் கையில். ஆகவே 1789இல் பிராவிடன்ஸில் அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கென்று ஒரு சங்கத்தை ஏற்படுத்துவதில் முன்நின்றார். ஜான் புனைபெயரில் பத்திரிகையில் எழுதினார்; தம்பி பதில் எழுதினார். ஊரார் ரசித்துப் படித்திருப்பார்கள்.

1794இல் அமெரிக்கக் காங்கிரஸ், அமெரிக்கக் கப்பல்கள் அந்நிய நாடுகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோகலாகாது என்று சட்டம் செய்தது. அதற்காகப் போராடியவர்களில் மோசஸ் இருந்தார். அந்தச் சட்டத்தின்படி முதன்முதல் விசாரிக்கப்பட்ட அமெரிக்கர் யார் தெரியுமா? ஜான் பிரவுன். அவருடைய 'ஹோப்' என்ற கப்பல் 229 பேரைக் கியூபாவின் ஹவானாவில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. ஹோப் என்றால் நம்பிக்கை! 1797இல் நீதிமன்றம் கப்பலைப் பறிமுதல் செய்தது. பின் தொடர்ந்த கடுமையான குற்றச்சாட்டிலோ நடுவர் குழு அவரை விடுவித்துவிட்டது. இரண்டு வருஷத்தில் ஜான் காங்கிரசுக்கே தெரிந்தெடுக்கப்பட்டார்.

பாஸ்டனுக்குக் குதிரையேறிப் போய் மீட்டு வந்த அதே அண்ணன்தான் இவர். ஜான் 1803இல் இறக்கும்வரை இருவரும் அண்ணன் தம்பியாகவே இருந்தார்கள். கடிதம் எழுதிக்கொண்டார்கள், கடிந்துகொண்டார்கள், உறவை அறுத்துக்கொள்ளவில்லை. நம் குடும்பங்களில் ஒரு வேலிக்காகப் பத்து வருஷம் பேசாதிருக்கிறோம். மனிதரை விற்கிற அண்ணனை எதிர்த்து வழக்குக்குத் துணை நின்றுகொண்டே அவரை நேசிப்பது எப்படி என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மோசஸுக்கும் அது எளிதாயிருந்திராது.

இவ்வளவோடு நிறுத்தினால் நல்ல சாட்சி. எழுதியும் அச்சிட்டுவிடலாம். ஆனால் இன்னொரு கணக்கு பாக்கியிருக்கிறது. அது பஞ்சு.

1789இல் மோசஸ் தம் மருமகனையும் இன்னொரு உறவினரையும் வைத்துப் பஞ்சு நூற்கும் தொழிலுக்கு முதல் போட்டார். இங்கிலாந்தில் தொழில் கற்றுவந்த சாமுவேல் ஸ்லேட்டர் என்ற வாலிபர் அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்குக் கடிதம் எழுதினார். மோசஸ் வரச்சொன்னார். 1790 டிசம்பரில், பிராவிடன்ஸுக்குப் பக்கத்தில் பாட்டக்கெட் நீர்வீழ்ச்சியின் அருகே, நீர்விசையால் ஓடும் நூற்பு இயந்திரம் சுழலத் தொடங்கியது. அமெரிக்காவின் தொழிற்புரட்சி அங்கே ஆரம்பித்தது என்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள். முதலில் வேலைக்கு வந்தவர்கள் ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஏழைப் பிள்ளை சோம்பித் திரிவதைவிட வேலை செய்வது நல்லது என்று அக்காலத்து நல்லவர்கள் நினைத்தார்கள்.

அடிமைக் கப்பலுக்குப் பதிலாக ஊர் பிழைக்க ஒரு நேர்மையான தொழில் கிடைத்தது என்று தோன்றும். பஞ்சு எங்கிருந்து வந்தது? முதலில் மேற்கிந்தியத் தீவு முதலிய இடங்களிலிருந்து. அங்கே பயிரிட்டவர்கள் அடிமைகள். 1793இல் எலி விட்னி கொட்டை பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தபின் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுவதும் பஞ்சுக்காடாயின. அங்கே பஞ்சு எடுத்தவர்களும் அடிமைகள். 1790இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். இன்னும் கேளுங்கள். ரோட் ஐலண்டு ஆலைகள் பிற்காலத்தில், தென்னாட்டு அடிமைகளுக்கென்றே முரட்டுத் துணி நெய்து அனுப்புவதில் பேர்பெற்றன. ஒரு வாசலால் தள்ளிய பாவம் மறு வாசலால் உள்ளே வந்து, தறியில் உட்கார்ந்துகொண்டது.

மோசஸ் இதற்கு என்ன சொன்னார் என்று தேடினேன். கப்பலைப் பற்றி அழுததுபோல் பஞ்சைப் பற்றி அவர் அழுததாக நான் வாசித்த எதிலும் காணவில்லை. அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. நம்மிடம் கொண்டுவரப்படும் காணிக்கையை, இது எங்கிருந்து வந்தது ஐயா என்று நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்? ஒருமுறை கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், நன்றிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். காரணம், அந்த மாதம் மருந்துக் கடன் இருந்தது. அதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சகேயுவைப் பாருங்கள். நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னான். யாரிடம் வாங்கினானோ அவர்கள் எரிகோவில் உயிரோடிருந்தார்கள். வீடு தேடிப் போகலாம். மோசஸுக்கு அந்த வழி இல்லை. 109 பேர் கடலிலும் கரையிலும் மாண்டுபோனார்கள். மீதிப்பேரைத் தீவுகளில் விற்றாயிற்று. யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவர் செய்ததெல்லாம், அறுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருந்ததுதான். அநியாயமாகப் பிடித்து வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்காக வழக்குத் துணை நின்றார். பிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்தார். 1784இல் தொடங்கி, நாலு வருஷத்தில் நின்றுபோன குவேக்கர் பள்ளியை விடாமல் நினைத்துக்கொண்டிருந்து, பிராவிடன்ஸில் தம் நிலத்தில் 43 ஏக்கர் கொடுத்து, 1819இல் மறுபடி திறக்கப்பண்ணினார். அப்போது அவருக்கு 80 வயது. 1904 முதல் அது அவர் பெயராலேயே மோசஸ் பிரவுன் பள்ளி என்று வழங்கி வருகிறது. அவர் 1836 செப்டம்பரில், 98ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் காலமானார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன.

அந்தக் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் பிரவுன் பல்கலைக்கழகம், 2003இல் தன் பூர்வகால அடிமைத் தொடர்பை ஆராய ஒரு குழுவை நியமித்தது. நியமித்த தலைவர் ரூத் சிம்மன்ஸ் அம்மையார். அவரே அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியில் வந்தவர். 2006இல் அறிக்கை வெளிவந்தது. 'சாலி' கப்பலின் கணக்குப் புத்தகத்தை அப்போது மறுபடியும் திறந்து வாசித்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் தேதி இருக்கிறது, வரிசை இலக்கம் இருக்கிறது. ஆணா, பெண்ணா, சிறுவனா, சிறுமியா என்று எழுதியிருக்கிறது. பெயர் எழுதவில்லை.

வழக்கமாக நான் ஜெபித்து முடிப்பேன். இன்றைக்கு மோசஸ் பிரவுனுடைய சபையார் செய்கிறபடி, ஒருவரும் எழும்பாமல், சில நிமிஷங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பேச வேண்டுமென்று யாருக்காவது ஏவுதல் உண்டானால் எழுந்து பேசலாம். பிறகு காப்பி இருக்கிறது.